சவுக்கு முட்டு

புர்கோஸ், ஸ்பெயின்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சங்கரி எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரை இரண்டு வேளையும் தருகிறார்களா? அம்மாவிடம் போனில் கேட்டால், "நல்லாதான் இருக்காரு"ன்னு ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள். சிறையில் இருக்கும் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது என்று தெரிந்ததும் தபால் ஆபீசைத் தேடிக் கண்டுபிடித்தேன். நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள்.

நீங்கள் காலாப்பட்டு ஜெயிலுக்குள் போன மறுமாதமே நான் விமானம் ஏறியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. "உதவித்தொகை ரெண்டு தடவ வராது, கெளம்பு"ன்னு நீங்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அதட்டினீர்கள். கிளம்பிவிட்டேன்.

ஊர் சின்னது. நம் ஊரை விடக் குளிர் எத்தனை மடங்கு என்று சொல்லத் தெரியவில்லை. எந்தத் தெருவில் திரும்பினாலும் எண்ணூறு, அறுநூறு வருடத்துக் கோயில் ஒன்று நிற்கிறது. எங்கள் படிப்பே இவற்றைப் பற்றித்தான். பெரிய கோயிலை, இங்கே கதீட்ரல் என்கிறார்கள், முதல் நாள் பார்த்தபோது உங்களைத்தான் நினைத்தேன். வெள்ளைக் கல். பக்கத்துச் சுரங்கத்துக் கல்லாம். வெட்டும்போது மெதுவாக இருந்து, காற்றுப் பட்டபிறகு இறுகுமாம். நம் ஸ்டேஷன் பக்கத்து இருதய ஆண்டவர் கோயிலில் இருக்கிறதே, மேலே கூம்பிப் போகும் வளைவு, அதே மாதிரிதான். ஆனால் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். உள்ளே சுவரில் ஒரு பொம்மை இருக்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் வாயைத் திறந்து மூடும். ஈ பிடிக்கிறவன் என்று பெயர்.

முக்கியமான விஷயம். வக்கீல் புருஷோத்தமன் சார் அப்பீலுக்கான தாள்களைத் தயாராக வைத்திருக்கிறார். நாள் கடந்துவிட்டது, ஆனால் தாமதத்துக்கு மனு போட்டுக்கொள்ளலாம் என்கிறார். கையெழுத்துப் போட்டால் ஜாமீனில் வந்துவிடலாம். ஓராண்டு தண்டனையில் இரண்டு மாதம் போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் கட்டிக்கொண்டிருந்த லாஸ்பேட்டை வீட்டின் தளம் விழுந்தது விபத்து. அதற்கு நீங்கள் ஏன் உள்ளே கிடக்க வேண்டும்? தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் மகள்,
சிவசங்கரி


காலாப்பட்டு
30 அக்டோபர் 2024

அன்பு மகள் சிவசங்கரிக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. மாத்திரை தருகிறார்கள். முட்டி அப்படியேதான் இருக்கிறது. அம்மா புதன்கிழமை தவறாமல் வருகிறாள். நாளைக்குத் தீபாவளி, இங்கே ஸ்வீட் உண்டு என்கிறார்கள்.

எனக்குத் தோட்ட வேலை போட்டிருக்கிறார்கள். கீரைப்பாத்தி. கொத்தனார் வேலையும் இருக்கிறது, சமையல்கட்டுக்குப் பின்னால் சுவர் வைக்கிறார்கள். "மேஸ்திரி, வாங்களேன்"ன்னு கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். கீரை நன்றாக வருகிறது.

உன் கோயிலைப் பற்றி இரண்டு முறை படித்தேன். அறையில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். ஈ பிடிக்கிறவனைக் கேட்டு ஒருத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஒரு சந்தேகம். அவ்வளவு உயரத்து வளைவைச் சிமெண்டு இல்லாமல், கம்பி இல்லாமல் எப்படி நிறுத்தினார்கள்? இறுகும்வரை தாங்கக் கீழே சென்ட்ரிங் அடித்திருப்பார்கள் அல்லவா? மரம்தானே? எத்தனை நாள் கழித்துப் பிரித்தார்கள்? கல் வேலைக்கு அது எவ்வளவு நாள் என்று உன் வாத்தியாரிடம் கேட்டு எழுது.

குளிருக்குக் காதை மூடிக்கொள். படிப்பைக் கவனி.

இப்படிக்கு,
அப்பா, அரிகிருஷ்ணன்


புர்கோஸ்
22 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். சளி பிடித்து விட்டது, இப்போது தேவலை. அங்கே மழை எப்படி?

உங்கள் கேள்வியை வகுப்பில் கேட்டேன். ஆசிரியைக்கு மிகுந்த சந்தோஷம். "கேட்டது யார்?" என்றார். என் அப்பா, முப்பது வருட மேஸ்திரி என்றேன். பதில் இதுதான்: மரத்தில்தான் சென்ட்ரிங். சுண்ணாம்புச் சாந்து காய நாளாகும் என்பதால் மாதக்கணக்கில் கூட விட்டுவைப்பார்களாம். பிரிக்கும்போது ஒரேயடியாகப் பிடுங்க மாட்டார்கள். ஆப்புகளைத் தட்டி ஒரு விரல் அளவு இறக்கி, வளைவு என்ன செய்கிறது என்று காத்திருந்து பார்த்து, மறுபடி ஒரு விரல். அவசரப்பட்டவன் வளைவு அவன் தலையிலேயே இறங்கும் என்றார் ஆசிரியை. சுவர் வெளியே தள்ளாமல் இருக்க, கோயிலுக்கு வெளிப்புறத்தில் கல்லாலேயே சாய்வு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ நின்று தோளைக் கொடுத்த மாதிரி இருக்கும்.

போன வாரம் சான் நிக்கோலாஸ் கோயிலுக்குப் போனேன். கதீட்ரலுக்கு மேலே, படி ஏறிப் போக வேண்டும். உள்ளே பீடத்துக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை ஒரே கல் சிற்பம். கப்பல், மாலுமி, சிறகு முளைத்த சம்மனசு, சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில். காவலர் பெரியவர் விளக்கைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அதுதான் சம்பளம் போல.

கையெழுத்து விஷயத்தை நீங்கள் தொடவேயில்லை. புருஷோத்தமன் சார் அப்பீலின் காரணங்களை எனக்கு அனுப்பி, ஆங்கிலத்தைச் சரிபார்க்கச் சொன்னார். நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? அந்தச் சித்தாள் அம்மா, தையல்நாயகி, வீட்டு அடுப்புக்கு விறகு வேண்டும் என்று யாரிடமும் கேட்காமல், புதுத் தளத்தைத் தாங்கி நின்ற சவுக்கு முட்டுக் கம்பைப் பிடுங்கியிருக்கிறார். நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். பாவம் அவர், உயிர் போனது கொடுமைதான். ஆனால் அது உங்கள் குற்றமா? கையெழுத்துப் போடுங்கள் அப்பா.

சங்கரி


காலாப்பட்டு
16 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு,

ஆசீர்வாதம். புயலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். நம் முதலியார்பேட்டை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா பக்கத்து மாடியில் இரண்டு நாள் இருந்தாள், இப்போது சுகம். கீரைப்பாத்தி போய்விட்டது. மறுபடி விதைக்கிறோம்.

கையெழுத்தை விடு.

அந்தக் கோயில்கள் கட்டும்போது சித்தாள் வேலைக்குப் பெண்கள் வந்தார்களா? கல் தூக்கும்போது யாராவது விழுந்திருப்பார்களே. அவர்கள் பேர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

உடம்பு ஜாக்கிரதை.

அப்பா


புர்கோஸ்
8 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கோபத்தில் பதில் எழுத வேண்டாம் என்று இருந்தேன். இன்னும் கோபம் போகவில்லை, எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. பெண்கள் வந்திருக்கிறார்கள். சாந்தும் தண்ணீரும் சுமந்ததாகப் பல ஊர்களில் பழைய குறிப்பு உண்டாம். பேர் இருப்பது அபூர்வம். கல்தச்சர்கள் தாங்கள் செதுக்கிய கல்லில் ஆளுக்கொரு அடையாளம் வெட்டியிருக்கிறார்கள். அம்பு, பிறை, ஏணி மாதிரி. விழுந்தவர்களுக்கு அடையாளம் எதுவும் நான் பார்க்கவில்லை.

நேற்று சாந்தா ஆகுவேதா என்ற கோயிலுக்குப் போனேன். சின்னக் கோயில், ஒரே கூடம், சந்துக்குள் ஒளிந்தது போல இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் அதன் கதை தெரியும். அந்தக் காலத்தில் ராஜாவாக இருந்த அண்ணன் கொலையாகி, தம்பி பட்டத்துக்கு வந்தான். கொலையில் உனக்குப் பங்கில்லை என்று சத்தியம் செய் என்று ஒரு படைத்தலைவன் அவனை ஊரார் முன்னால் நிறுத்தினானாம். ராஜா இந்தக் கோயில் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் மேல் கை வைத்து, ஒரு முறை இல்லை, மூன்று முறை சத்தியம் செய்தானாம். இப்போதுள்ள கட்டடம் அதற்குப் பிந்தியது. கதையும் நடந்ததில்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் அங்கே நின்றபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

ஏனென்றால் நீங்கள் அப்படிச் சத்தியம் செய்யக்கூடியவர். அந்த ராஜாவுக்கு இருந்த தைரியம் உங்களுக்கும் இருக்க வேண்டும். இங்கே என்னோடு படிக்கிறவர்களிடம், என் அப்பா செய்யாத தப்புக்குச் சிறையில் இருக்கிறார் என்று வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மட்டும் ஏன் தலையைக் குனிந்துகொண்டு கீரை விதைக்கிறீர்கள்? தாழ்ப்பாளில் கை வைத்து, "நான் செய்யல"ன்னு ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. யாருக்காகப் பயப்படுகிறீர்கள்?

சங்கரி


காலாப்பட்டு
10 மார்ச் 2025

அன்பு மகள் சிவசங்கரிக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். இரண்டு மாதமாகப் பதில் போடாததற்கு உடம்பு காரணம் இல்லை. நாலு முறை எழுதிக் கிழித்தேன். இங்கிருந்து போகும் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

அந்தத் தாழ்ப்பாளில் என்னால் கை வைக்க முடியாது.

தளம் போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. இருபத்தொரு நாள் முட்டைத் தொடக்கூடாது என்று இன்ஜினியர் எழுதியே கொடுத்திருந்தார். அதே சமயம் நோணாங்குப்பத்தில் இன்னொரு வேலை பிடித்திருந்தேன். அங்கே சுவர் எழுப்பி முடித்துவிட்டு, தளத்துக்கு முட்டும் தகடும் வரவில்லை என்று ஆள்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் போன் மேல் போன். லாஸ்பேட்டைக் கூடத்து நடுவிலிருந்து கொஞ்சம் முட்டைக் கழற்றி அனுப்பினால் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். முப்பது வருடத்தில் நாலைந்து முறை அப்படிச் செய்திருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து மற்றவர்கள் மணல் சலிக்கப் போய்விட்டார்கள். கூடத்தில் தையல்நாயகி மட்டும் இருந்தாள். நடு வரிசையைப் பிடுங்கு என்றேன். அவள் அண்ணாந்து பார்த்து, "இன்னும் பச்சையா இருக்கிற மாதிரி தெரியுதே மேஸ்திரி"ன்னா. "எனக்குத் தெரியாதா? புடுங்கு, ஒண்ணும் ஆவாது"ன்னேன். அந்த நேரம் நோணாங்குப்பத்துக்காரர் மறுபடி கூப்பிட்டார். பேசிக்கொண்டே வெளியே வந்தேன். "இதோ அனுப்புறேன் சார், வண்டி ஏத்திட்டிருக்காங்க"ன்னு நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் சத்தம் கேட்டது.

நான் சொன்னது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் இல்லை.

வழக்கு வந்தபோது புருஷோத்தமன் சார் முதலில் கேட்டது, "முட்ட யாரு புடுங்கச் சொன்னது?" நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார்: "அந்தம்மா வெறகுக்காகத் தானா புடுங்கிட்டாங்கன்னு வச்சிக்குவோம். செத்தவங்களுக்குத் தண்டன கெடையாது." நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். கோர்ட்டில் மூன்று முறை அதைச் சொன்னார்கள். மூன்று முறையும் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு அன்று வராண்டாவில் அவள் பெண் நின்றாள். சுடர்விழி என்று பேர். சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறாள், உன்னைவிட நாலைந்து வயது சின்னவள். என்னைப் பார்த்து, "எங்கம்மா ஒரு குச்சி கூட கேக்காம எடுக்காது சார்"ன்னா. திட்டவில்லை. அழவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அந்தத் தாளில் அவள் அம்மா திருடி என்று எழுதியிருக்கிறது. அதை நீ தட்டச்சு செய்தாய் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்கு முந்தின வாரம் சொல்லிவிட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போன புதன்கிழமை மறுபடி வந்தாள்.

உனக்கு எழுத விருப்பம் இல்லை என்றால் எழுத வேண்டாம். படிப்பை விட்டுவிடாதே.

அப்பா


காலாப்பட்டு
21 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

ஆசீர்வாதம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அம்மாவோடு போனில் பேசுகிறாய் என்றும், என்னைப் பற்றிக் கேட்பதில்லை என்றும் தெரியும். அது நியாயம்தான். உன் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுப்பு. இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

அப்பா


புர்கோஸ்
5 மே 2025

அப்பா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று வகுப்புக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. என்னோடு படிக்கும் பெண் கதவைத் தட்டி, "அப்பாவுக்கு ஏதாவதா?" என்றாள். இல்லை என்றேன். அவளிடம்தான் நான் மார் தட்டியிருந்தேன், என் அப்பா நிரபராதி என்று.

முதல் வாரம் உங்கள் மேல் கோபம். அப்புறம் என் மேல். அந்த மனுவில் 'எரிபொருளுக்காக' என்று வக்கீல் எழுதியிருந்ததை நான்தான் திருத்தி, 'அனுமதியின்றித் தன் சொந்த உபயோகத்துக்காக எடுத்துச் செல்லும் நோக்கத்துடன்' என்று அழகாக மாற்றினேன். பாராட்டு வேறு வாங்கினேன். அந்த அம்மாவுக்கு ஒரு பெண் இருப்பாள் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. புருஷோத்தமன் சாருக்கு எழுதிவிட்டேன். மனுவைக் கைவிடச் சொல்லிவிட்டேன். அவர், "நல்லா யோசிச்சிக்கம்மா" என்று பதில் போட்டார். யோசித்தாயிற்று.

போன வாரம் எங்களைக் கதீட்ரலின் நடுக்கோபுரத்துக்கு நேர் கீழே நிறுத்திப் பாடம் நடத்தினார்கள். எட்டு முனை நட்சத்திரம் மாதிரி கல்லில் ஒரு கூரை. கல்லைத் துளைத்து வெளிச்சம் விழ விட்டிருக்கிறார்கள். பேப்பரில் வெட்டியது போல இருக்கும். அது இரண்டாவதாகக் கட்டியது. முதலில் கட்டியது 1539-இல் ஓர் இரவில் மொத்தமாக விழுந்துவிட்டது. தூண்கள் தாங்கவில்லை. பிறகு நாலு தூணையும் தடிமனாக எழுப்பி, மறுபடி கட்டி முடிக்கக் கிட்டத்தட்ட முப்பது வருடம். உங்களைச் சமாதானப்படுத்த இதை எழுதவில்லை. கல்லை மறுபடி அடுக்கலாம். தையல்நாயகி அம்மா வர மாட்டார்கள். ஆனால் ஆசிரியை ஒன்று சொன்னார்: ஏன் விழுந்தது என்று அவர்கள் ஒளிக்கவில்லை, தூண் மெலிசு என்று எழுதி வைத்தார்கள், அதனால்தான் அடுத்ததைச் சரியாகக் கட்ட முடிந்தது.

எனக்கு எழுதிவிட்டீர்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டீர்கள். நாங்கள் இரண்டு பேரும் உங்கள் வீட்டு ஆட்கள். என்ன ஆனாலும் உங்களை விடமாட்டோம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குச் சொன்னீர்களா?

சங்கரி


காலாப்பட்டு
29 மே 2025

அன்பு மகள் சிவசங்கரிக்கு,

ஆசீர்வாதம். உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் தோட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வார்டர் வெயிலில் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

நீ கேட்டது சரி. அன்று சாயங்காலமே சுடர்விழிக்கு எழுதினேன். நடந்ததை மட்டும் எழுதினேன். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அம்மா சேதராப்பட்டுக்குப் பஸ்ஸில் போய், தெருவில் விசாரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "தண்ணி குடுத்துச்சி, குடிச்சிட்டு வந்தேன்"ன்னா. 

ஒரு வாரம் ஒன்றுமில்லை. நேற்று மனு போட்டு என்னைப் பார்க்க யாரோ வந்திருப்பதாகச் சொன்னார்கள். புதன் என்பதால் அம்மா என்று நினைத்துப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் கம்பெனி யூனிபாரத்தோடு அந்தப் பெண். கையில் என் கடிதம்.

"இது நீங்க எழுதுனதா?"ன்னு கேட்டா.

"ஆமாம்மா."

"யாரும் எழுதச் சொல்லலியே?"

"என் பொண்ணு கேட்டா. எழுதுனது நான்."

கடிதத்தை மடித்தாள். அப்புறம் குரலை உயர்த்தாமல் பேசினாள். "எங்க தெருவுல மூணு வருஷமா யாரு வீட்டுல வெறகு கொறஞ்சாலும் எங்க வாசல பாத்துட்டுப் போறாங்க. எங்கப்பா கடைக்கே போறதில்ல. என்னப் பொண்ணு பாக்க வந்தவங்க திரும்பிப் போனாங்க. இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன். அது உண்மை.

"இந்தக் கடுதாசிய நான் காட்டுனா, பொண்ணே எழுதிக்கிச்சின்னு சொல்லுவாங்க. எப்ப வெளிய வர்றீங்க?"

தண்டனைக் கழிவு போக ஜூலை முதல் வாரம் என்றேன்.

"அப்ப வாங்க. எங்க தெருவுல நின்னு, உங்க வாயால சொல்லுங்க. அவ்ளோதான் எனக்கு வேணும்." திரும்பினவள் மறுபடி வந்து, "அடிப்பாங்களோன்னு பயந்தீங்கன்னா வராதீங்க. பாதி சொல்லிட்டு ஓடிப் போறதுக்கு வராமயே இருக்கலாம்"ன்னா.

வருகிறேன் என்றேன். அவள் தலையைக்கூட ஆட்டவில்லை, போய்விட்டாள். நேற்று ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். இதை உன்னிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை சமையல்கட்டுச் சுவர் வேலைக்குப் போனேன்.

அப்பா


புர்கோஸ்
16 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். மாத்திரையை விடாதீர்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்தது. பாஸாகிவிடுவேன். முடித்த கையோடு சான் லெஸ்மெஸ் கோயிலுக்குப் போய்க் குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தேன். கோட்டை வாசலுக்கு வெளியே, சின்ன ஆற்றின் கரையில் இருக்கிறது. உள்ளே நடுவில் அந்தப் புனிதரின் சமாதி. பிரான்சிலிருந்து வந்த சந்நியாசியாம். இந்த ஊருக்கு வந்து ஏழைகளையும் வழிப்போக்கர்களையும் கவனித்துக்கொண்டே இங்கேயே தங்கிவிட்டார். ஜனவரியில் அவர் திருவிழாவுக்குச் சின்னச் சின்ன ரொட்டி கொடுத்தார்கள். அப்போது நான் உங்கள் பதிலுக்குக் காத்திருந்த கோபத்தில் இருந்தேன். ரொட்டி நன்றாக இருந்தது என்பதைக்கூட உங்களுக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்: நன்றாக இருந்தது.

சேதராப்பட்டுக்கு நீங்கள் போகும்போது நானும் கூட வருவதா என்று யோசித்தேன். ஆகஸ்டு இரண்டாம் தேதிதான் வர முடியும். அதுவரை அந்தப் பெண்ணைக் காக்க வைக்காதீர்கள். தனியாகப் போங்கள். துணைக்கு அம்மாவையும் கூப்பிடாதீர்கள்.

ஒரு உதவி. சுடர்விழிக்கு நான் கடிதம் எழுதலாமா என்று கேட்டு வாருங்கள். அந்த வரியை எழுதியது நான். அதை அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகள்,
சங்கரி


முதலியார்பேட்டை, புதுச்சேரி
14 ஜூலை 2025

அன்பு மகள் சிவசங்கரிக்கு,

வீட்டிலிருந்து அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். போனில் நேற்றுப் பேசினோமே, மறுபடி என்ன கடிதம் என்று கேட்பாய். சேதராப்பட்டு விஷயத்தைப் போனில் சொல்லத் தொடங்கினால் குரல் நிற்காது. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். கம்பெனி லீவு என்பதால் தெருவில் எல்லோரும் இருந்தார்கள். குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள். சுடர்விழி வாசலில் நின்றாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை, "மேஸ்திரி வந்திருக்காரு"ன்னு மட்டும் சொன்னாள். அதற்கே கூட்டம் சேர்ந்துவிட்டது.

உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. என் பேர் அரிகிருஷ்ணன், லாஸ்பேட்டை வேலைக்கு மேஸ்திரி நான் என்று தொடங்கினேன். "தையல்நாயகி வெறகுக்காக முட்டப் புடுங்கல. நான்தான் புடுங்கச் சொன்னேன். பச்சையா இருக்குதுன்னு அவங்க சொன்னாங்க. நான்தான் கேக்கல. கோர்ட்டுல சொன்னது பொய். அந்தப் பொய்ய நான் வாயத் தொறக்காம சொன்னேன்." இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை.  நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

ஒரு அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். நாலு பையன்கள் நெருங்கி வந்தார்கள். ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். சுடர்விழி, "விடு. அவரு பேசத்தான் வந்தாரு"ன்னா. விட்டுவிட்டான். குழாயடியில் நின்ற ஒருத்தி மட்டும் சுடர்விழியிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.  இன்னொருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குடத்தை வைத்தது வைத்தபடி போய்விட்டாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அவள் அப்பா வந்தார். கலியபெருமாள். என் வயதுதான் இருக்கும், பத்து வயது கூடத் தெரிகிறார். எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கிட்டே வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னிக்கி சாப்ட்டாளா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"மத்தியானம் ஆச்சின்னு சொன்னாங்க. சாப்ட்டாளா, சாப்புடாமயே போனாளான்னு மூணு வருஷமா யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல."

சங்கரி, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. "சாப்ட்டாங்க. ஒரு மணிக்கு, வெளிய தென்ன மரத்து நெழல்ல. புளிச்சோறும் சுட்ட கருவாடும். கருவாட்டுல பாதிய கூட வேல செஞ்ச குஞ்சம்மாவுக்குக் குடுத்தாங்க. குஞ்சம்மா ஏதோ சொல்லி, எல்லாம் சிரிச்சாங்க. நான் அதட்டினேன், சத்தம் போடாதீங்கன்னு."

அவர் அதைக் கேட்ட பிறகு, "கருவாடு நான்தான் சுட்டுக் குடுத்தேன்"ன்னார். தெருவைப் பார்த்து இன்னொரு முறை, சத்தமாக, "நான்தான் சுட்டுக் குடுத்தேன்"ன்னார். அப்புறம் குழாயடிக்கு நடந்து போய், அங்கே நின்றவர்களுக்கு நடுவில் முகத்தைக் கழுவிக்கொண்டார். அவர் தெருவில் இறங்கி அவ்வளவு தூரம் நடந்து நாளாகிறது என்று சுடர்விழி பிறகு சொன்னாள்.

பஸ் நிறுத்தம் வரை அவள் என் பின்னாலேயே வந்தாள், பத்தடி தள்ளி. நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். மனுவில் அந்த வரியை எழுதியது என் பெண் என்பதையும் சொல்லிவிட்டேன். ஒளிக்க வேண்டாம் என்று தோன்றியது. அவள் கிட்டே வந்தாள்.

"உங்க பொண்ணும் கட்டட வேலையா?"

"பழைய கோயிலெல்லாம் இடிஞ்சி விழாம பாத்துக்குற படிப்பு."

"பதில் போடுவேன்னு சொல்ல மாட்டேன்"ன்னா. பஸ் வந்துவிட்டது. நான் ஏறப் போனபோது, "எங்க வீட்டுக்குக் கடுதாசி வந்தா தெருவே பிரிக்கும். கம்பெனிக்குப் போடச் சொல்லுங்க"ன்னு சொல்லி, என்னிடம் பேனா வாங்கி, டிக்கெட் மாதிரி ஒரு துண்டுத் தாளில் வேகமாக எழுதிக் கொடுத்தாள். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். அவள் எழுதி முடிக்கும்வரை நான் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து விஜயராகவன் என்கிற மேஸ்திரியிடம் கொத்தனாராகப் போகிறேன். மேஸ்திரி வேலை கேட்கவில்லை.

அம்மா உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள். வெயிலில் அலையாதே. சுடர்விழி கையாலேயே எழுதிய அந்த முகவரியை இதோடு வைத்திருக்கிறேன். நிதானமாக எழுது. ஆனால் எழுது.

அப்பா,
அரிகிருஷ்ணன்